ஒன்றியப் பள்ளியின் வரவு செலவு

சென்னை மாநகராட்சி 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் உணவு கொடுப்பது. தலைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை வகுப்பில் நிற்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23-இல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. அதாவது இரண்டே ஆண்டில் இரு மடங்கு.

1925 ஏப்ரல் முதல் நாள் அந்தச் சாப்பாடு நின்றது. பஞ்சம் வரவில்லை, கலகம் நடக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியை உணவுக்கு எடுக்க மாகாண அரசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். பிறகு சிறிய அளவில் மீண்டும் தொடங்கினார்கள் என்றாலும், எந்தத் தலைப்பில் எந்தச் செலவு என்ற கேள்வி ஒரு பிள்ளையின் தட்டு வரைக்கும் வந்து நின்றது அதுதான் முதல் முறை. கடைசி முறை அல்ல.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியைப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் நின்றுவிடுவார்கள். ஒன்று காமராசர், மற்றொன்று தேர்ச்சி விழுக்காடு. இடையில் பணம் எந்த வழியாக வருகிறது, யார் கையெழுத்தில் செலவாகிறது, செலவாகாவிட்டால் யாரைக் கேட்பது என்ற சங்கதிகள் அலுவலக விவகாரம் என்று ஒதுங்கிப் போகின்றன. இந்தச் சொற்பொழிவு அந்த அலுவலக விவகாரத்தைப் பற்றியது.

1920-இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி போடும் உரிமையைக் கொடுத்தது. ஊரில் வசூலான வரி ஊர்ப் பள்ளிக்கு என்பது கணக்கு. நகரத்தில் வீடு உள்ளவர்கள் சொத்து வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் கல்வி வரி என்ற இனம் இன்றும் அதில் இருக்கும். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அது எந்தப் பள்ளிக்குப் போயிற்று என்று கேட்டிருப்பார்கள்? கேட்டால் பதில் சொல்லும் மேசை எது என்பதும் தெரியாது.

அந்தக் காலத்தில் மேசை தெரிந்திருந்தது. ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளியை நடத்தியது. 'போர்டு ஹைஸ்கூல்' என்ற பெயர் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. 1958-இன் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் வந்தன. அதே 1958-இல், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. ஊர்க்காரர்கள் மேடையேறி, இன்னார் நாற்காலி, இன்னார் கரும்பலகை, இன்னார் வகுப்பறைக்கு ஓடு என்று அறிவித்தார்கள். 1956-இல் தொடங்கிய காமராசர் காலத்து மதிய உணவிலும் செலவில் அறுபது விழுக்காட்டைத்தான் அரசு ஏற்றது. மீதியை ஊர் போட வேண்டும். அரிசி மூட்டையும் விறகுக் கட்டும் வீட்டு வாசலிலிருந்தே பள்ளிக்குப் போயின.

இதைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் அந்த 'ஊர்' என்பது யார் என்றும் கேட்க வேண்டும். நாற்காலி கொடுக்க வசதியுள்ளவர்தான் ஒன்றியத்திலும் பெருந்தலைவர். ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் ஒன்றியத்தின் கையில் இருந்த காலத்தில், தேர்தலில் யாருக்கு வேலை செய்தார், யாருக்கு வணக்கம் சொல்லவில்லை என்பதையெல்லாம் வைத்து ஆசிரியர்கள் எல்லையோரக் கிராமத்துக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். சேரியிலிருந்து வந்த ஆசிரியரின் நிலைமையைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலம் போராடிய பிறகு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 ஜூன் முதல் நாளிலிருந்து ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது சரியான முடிவு. அதைத் திருப்ப வேண்டும் என்று இன்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

ஆனால் ஆசிரியரைப் பெருந்தலைவரிடமிருந்து காப்பாற்றிய அந்த ஆணை, பள்ளியை ஊரிடமிருந்தும் எடுத்துவிட்டது. சுவரில் எழுதிய பெயர் மட்டும் மாறவில்லை: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

அந்தச் சுவருக்குள் ஒருமுறை சுற்றி வரலாம். ஆசிரியரின் சம்பளம் தொடக்கக் கல்வித் துறையிடமிருந்து, வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக வருகிறது. பள்ளி மானியமும் பயிற்சியும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், வட்டார வள மையம் வழியாக. கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். ஓடு உடைந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். சத்துணவுக் கூடம் சமூக நலத் துறைக்குக் கீழே. பக்கத்து அறையில் உள்ள அங்கன்வாடி குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்குக் கீழே. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊராட்சி. கழிப்பறை கழுவுகிறவருக்குத் தொடக்கப் பள்ளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற கணக்கில் ஊரக வளர்ச்சித் துறை கொடுக்கிறது. அந்த ஆயிரம் ரூபாய்க்குத் தினமும் வர எவருக்குத்தான் கட்டுபடியாகும்? வராத நாளில் தலைமையாசிரியர் தம் கைக்காசைக் கொடுத்து ஆள் பிடிக்கிறார், அல்லது கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார். இரண்டுமே எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பணம் இல்லாமல் இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. மாநிலத்தில் மிகப் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்று. பெரும்பகுதி சம்பளம். அதில் தவறும் இல்லை. பள்ளி என்றாலே முதலில் ஆசிரியர்தானே. ஆனால் ஏறத்தாழ 37,500 அரசுப் பள்ளிகளில் ஒரு சாதாரணத் தலைமையாசிரியர் தாமே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். சமக்ர சிக்ஷா விதிப்படி முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். நூறு பிள்ளைகள் வரை இருபத்தைந்தாயிரம். ஆயிரத்தைத் தாண்டினால்தான் ஒரு லட்சம். சுண்ணக்கட்டி, பதிவேடு, மின்விளக்கு, சுவருக்கு வெள்ளை எல்லாம் இதற்குள். பத்து விழுக்காட்டைத் தூய்மைக்கென்று ஒதுக்கியும் ஆக வேண்டும். பத்தாயிரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் எண்ணூற்றுச் சொச்சம்.

இந்தச் சிறிய தொகைக்கும் மூலம் தொலைவில் இருக்கிறது. சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசின் பங்கு அறுபது, மாநிலத்தின் பங்கு நாற்பது. 2024-25-இல் ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட வேண்டும் என்றது தில்லி. அதில் 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் நிபந்தனை இருக்கிறது, கையெழுத்திட மாட்டோம் என்றது சென்னை. 2024 செப்டம்பரில் சமக்ர சிக்ஷாவின் கீழ் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கேட்ட தொகை 2,291 கோடிக்கு மேல். கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோன 42-ஆவது திருத்தம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறியது. அதன் விலையை ஒரு வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் ஐம்பது ஆண்டு கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தக் கொள்கையின் மொழி ஏற்பாட்டுக்கும், சமக்ர சிக்ஷா பணத்தில் நடக்கும் மாற்றுத்திறன் பிள்ளையின் பயிற்சிக்கும் முடிச்சுப் போடுவது எந்த விதத்திலும் முறை அல்ல. ஆனால் மேலேயிருந்து நிபந்தனையோடு வரும் பணத்தைப் பற்றி தில்லியிடம் கேட்கும் அதே கேள்வியை, கோட்டையைப் பார்த்து ஓர் ஒன்றியப் பள்ளியும் கேட்கலாம் அல்லவா?

பணத்துக்கு அடுத்தது ஆள் கணக்கு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் தேதியில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். காகிதத்தில் முப்பதுக்கு ஒருவர் என்ற விகிதம் அழகாக இருக்கும். பள்ளியிலோ ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டத்துக்குப் போவார், எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவார், நலத்திட்டப் பொருள்களை வாங்கிவரப் போவார். மற்றவர் விடுப்பு எடுத்தால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. ஓர் அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த ஜூனில் பிள்ளையை வேன் வரும் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. ஆசிரியர் உபரி என்று பணிநிரவலில் போகிறார். 2019-இல் ஒரு மாணவரும் இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதாக அரசு அறிவித்தது, இந்தச் சுழலின் கடைசிக் கட்டம்.

இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் இருபத்தைந்து விழுக்காட்டு இடங்களில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. ஏழைக் குழந்தைக்கு அது உரிமை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளையும் போகிறது, பிள்ளையோடு பொதுப்பணமும் போகிறது என்பது உண்மை.

சரி, பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 91.94. அதே தமிழ்நாட்டில், கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கைக்காக 2024-இல் கிராமப்புற வீடுகளுக்குப் போய்ச் சோதித்தபோது, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 12 விழுக்காடு. 2022-இல் அது 4.8, கொரோனாவுக்கு முன்னால் 2018-இல் 10.2. இந்த அறிக்கை வரும்போதெல்லாம் அதன் முறையைப் பற்றி இங்கே வாக்குவாதம் எழும். வாக்குவாதத்துக்கு இடமும் உண்டு. ஆனாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. பிளஸ் டூ தேர்வுக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்: மாவட்ட வாரியாகப் பட்டியல் வருகிறது, முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஆட்சியர் விளக்கம் கேட்கிறார், மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை என்றால் கேட்க ஆளில்லை. அம்மாவுக்கு ஒருவேளை அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது; தெரிந்தாலும் சொல்ல இடமில்லை.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்தப் பள்ளத்தைப் பார்த்து வந்தவைதான். 4.8 என்பது 12 ஆனதில் அவற்றுக்குப் பங்கு இருக்கும். குறிப்பாக இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அதே தெருப் பெண்கள் மாலையில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கூப்பிட அவர்களுக்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

காலை உணவுத் திட்டமும் இதே பாடத்தைத் தருகிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. சுணங்காமல் ஓடும் அரசுத் திட்டங்களில் இது ஒன்று. ஏன்? சமைப்பவர் அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. உப்பு கூடினால் அவர் பிள்ளைக்கும் கூடும். கணக்கு அன்றன்று முடிகிறது, பார்க்கிறவர்கள் பத்தடி தூரத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் ஊரை நம்பிவிடலாம் என்று துள்ளவும் முடியாது. 2023-இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போனார், எச்சரித்தார், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். 1981-இன் ஆணை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிள்ளைக்குப் பக்கத்தில் ஊர் இருக்க வேண்டும், ஊருக்குப் பக்கத்தில் சட்டமும் இருக்க வேண்டும்.

தொலைவிலுள்ள மேற்பார்வை மட்டும் போதும் என்பவர்களுக்குக் கும்பகோணத்தை நினைவூட்டலாம். 2004 ஜூலை 16 அன்று கூரைக்குக் கீழே 94 குழந்தைகள் எரிந்துபோன வளாகத்தில் அரசு உதவி பெறும் பள்ளியும் இருந்தது. ஆய்வு செய்ய வேண்டிய அலுவலர்கள் இருந்தார்கள், படிவங்களும் இருந்தன. கீற்றுக் கொட்டகையும் சமையல் அடுப்பும் தெருவில் போகிறவர் கண்ணுக்கே தெரியும்படி இருந்தன. சொல்ல வேண்டியவர்கள் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

கல்லூரிகளின் கதை இன்னும் ஒரு படி தூரம். உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47. நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல். வகுப்புக்குள் வந்த பிறகு என்ன கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். 2006-இல் அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டாம் ஷிப்ட் தொடங்கினார்கள். அதே கட்டடம், அதே ஆய்வகம், புது மாணவர்கள். நிரந்தர ஆசிரியருக்குப் பதில் கௌரவ விரிவுரையாளர். இன்று ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பெயரில் வேலை பார்க்கிறார்கள். முனைவர் பட்டம், பல ஆண்டு அனுபவம், மாதம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்ன உச்சத் தொகை 50,000. பெயரில் கௌரவத்தை வைத்ததற்காகவாவது யாராவது வெட்கப்படலாம்.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. பாக்கி என்று அது கேட்டது 424 கோடி. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தை 'அரசுப் பணத்தில் நடப்பது' என்று கொள்ளலாமா என்பதே அந்த வழக்கின் முடிச்சு. மானியம் குறையக் குறைய, தொலைநிலைக் கல்வியிலும் தேர்வுக் கட்டணத்திலும் பல்கலைக்கழகம் தானே சம்பாதிக்க வேண்டியதாயிற்று. சம்பாதித்ததும் வரி அதிகாரி வந்து நிற்கிறார்.

மறுபடி பள்ளிக்கு வருவோம். ஊர் உள்ளே வர இப்போது சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு ஒன்றுதான்: பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் மாநிலம் முழுக்கப் பெற்றோரைக் கூட்டிக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தீர்மானங்கள் செயலியில் ஏறுகின்றன, துறை வாரியாகப் பிரிகின்றன. நல்ல முயற்சி. ஆனால் 2022-இல் அந்தக் குழுக்களுக்குக் கிடைத்த முதல் பெரிய அதிகாரம் என்ன தெரியுமா? தற்காலிக ஆசிரியர்களை அமர்த்திக்கொள்வது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. சம்பளத்தைக் கோட்டை முடிவு செய்தது, பழியை மட்டும் ஊருக்குப் பங்கு வைத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை விவகாரம் போனது.

குழுவுக்கு வேறு வகை அதிகாரம் கொடுத்துப் பார்க்கலாம். ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் மாநிலத்திடமே இருக்கட்டும். பராமரிப்பு, துப்புரவு, தண்ணீர், சிறு பழுது ஆகியவற்றுக்காக இப்போது நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கும் தொகைகளை ஒரே கணக்கில் போட்டு, செலவழிக்கும் உரிமையைக் குழுவிடம் கொடுக்கலாம். சின்னப் பள்ளிக்குத் தலைக்கணக்கில் கொடுக்காமல் அடிப்படைத் தொகை என ஒன்றை உறுதி செய்யலாம். பத்துப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் கூரை ஒன்றுதான், கழிப்பறை ஒன்றுதான். நகரத்தில் வசூலாகும் கல்வி வரி எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போயிற்று என்பதை வார்டு வாரியாக வெளியிடலாம். நானூறுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தானே நடத்தும் சென்னை மாநகராட்சிக்கு இது பெரிய வேலை அல்ல.

கிராமத்தில் இந்தக் கணக்கை வைக்கும் இடம் கிராம சபை. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் தொடக்க, இடைநிலைக் கல்வி 1993-இலிருந்தே ஊராட்சிகளின் பொருளாக இருக்கிறது. ஆனால் ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாகத் தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று மேலாண்மைக் குழுவில் ஒரு தாய் தீர்மானம் போட்டால், அதைக் கேட்க வேண்டிய தலைவர் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் மாற்றலில் வந்த ஓர் அதிகாரி.